புல்மோட்டை மணலும் தாடை எலும்பும்

திருகோணமலையிலிருந்து வடக்கே போகும் கரையோர வீதி நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டையை எட்டும்போது கடற்கரையின் நிறம் மாறிவிடும். நிலாவெளியில் கண் கூசும் வெண்மணல். அங்கிருந்து சுமார் 40 கிலோமீற்றர் வடக்கே கறுத்த மணல். ஒரு கை அள்ளினால் நினைத்ததைவிடப் பாரமாக இருக்கும். கறுப்புக்கும் பாரத்துக்கும் காரணம் இல்மனைற். இரும்பும் டைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம் அது. கூடவே ரூற்றைலும் சிர்கோனும் கலந்து கிடக்கின்றன. பாரமான கனிமங்கள் இவ்வளவு செறிவாகக் கிடக்கும் கடற்கரைகள் உலகில் மிகச் சில. அள்ள அள்ள, மாரிகாலத்து வடகீழ்ப் பருவக்காற்று புதிதாகக் கொண்டுவந்து கொட்டும். இதற்கென்றே 1957 இல் அரசாங்கம் கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது.

இந்த மணலிலிருந்து டைட்டானிய உலோகம் எடுக்கும் ஆலை இலங்கையில் இல்லை. மணல் மணலாகவே கப்பலேறுகிறது. தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சிக் கரையிலும் கேரளத்துச் சவறாவிலும் இதே வகை மணல் உண்டு. சவறாவில் 2011 இல்தான் உலோக நிலை வரைக்கும் கொண்டுபோகும் ஆலை தொடங்கியது. ஆனால் உலகில் தோண்டப்படும் டைட்டானியத் தாதுவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உலோகமாக ஆவதேயில்லை. வெள்ளை நிறமியாகிப் பெயின்றுக்கும் காகிதத்துக்கும் பற்பசைக்கும் போகிறது. உலோகமாகும் சிறு பங்கிலும் ஆகாயவிமானங்களுக்குப் போனது போக, மிஞ்சிய துளியில் ஒரு பகுதி 4 மில்லிமீற்றர் தடிப்பும் 10 மில்லிமீற்றர் நீளமும் உள்ள திருகாணியாகி மனிதரின் தாடைக்குள் இறங்குகிறது. அதைத்தான் பல் இம்பிளான்ட் என்கிறோம்.

அந்தத் திருகாணியைப் பற்றி விளம்பரங்கள் வேண்டிய அளவு பேசிவிட்டன. எந்த நாட்டுத் தயாரிப்பு, எத்தனை வருட உத்தரவாதம், எத்தனை நாளில் பல் என்று. அதைப் பிடித்து வைத்திருக்கும் எலும்பைப் பற்றிய பேச்சைத்தான் காணோம். திருகாணி நிலைப்பதும் கழன்று வருவதும் பெரும்பாலும் எலும்பின் பக்கத்தில்தான் தீர்மானமாகிறது. அதிலும், எலும்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, உள்ளே அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில்.

எலும்பும் டைட்டானியமும் ஒட்டும் என்பதைக் கண்டவர் பல் வைத்தியர் அல்ல. சுவீடனின் லுண்ட் நகரில் 1952 இல் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் எலும்பு மச்சையில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று உயிரோடே பார்க்க விரும்பினார். முயலின் காலெலும்பில் டைட்டானியத்தால் செய்த, கண்ணாடி பொருத்திய சிறு கூடொன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து கூட்டைக் கழற்றப் போனால் அது வரவில்லை. எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. விலை உயர்ந்த கருவி வீணானதே என்று நொந்துகொண்டு அடுத்த முயலுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அந்தப் பிடியையே ஆராயத் தொடங்கினார். 1965 இல் கோத்தன்பேர்க்கில், பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ள யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு திருகாணிகளைப் பதித்தார். லார்சன் 2006 இல் இறந்தார். நாற்பது வருடங்கள் கடந்தும் அவை அவர் வாயில் வேலை செய்துகொண்டிருந்தன.

சரி, அந்தப் பிடி எப்படி இருக்கும்? பார்ப்பதே ஒரு காலத்தில் சிக்கலாக இருந்தது. எலும்பை நுண்ணோக்கியில் பார்க்கும் வழமையான முறை, அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தைக் கரைத்து, மெழுகில் பதித்து, கத்தியால் மென்சீவலாக வெட்டுவது. உள்ளே உலோகம் இருந்தால் கத்தி முறியும், அல்லது திருகாணியைப் பிடுங்கி எடுக்க வேண்டும். பிடுங்கினால் பார்க்க வேண்டிய இடமே பிய்ந்துபோகும். ஜெர்மனியின் கார்ல் டொனாத் 1982 இல் வெளியிட்ட முறை இதைத் தீர்த்தது. எலும்பும் திருகாணியுமாகச் சேர்த்து ரெசினில் இறுக்கி, வைரத்தூள் பூசிய வாளால் அறுத்து, அறுத்த தகட்டைத் தேய்த்துத் தேய்த்து மெல்லியதாக்குவார்கள். ஒளி ஊடுருவும் வரை, சில பத்து மைக்கிரோன் தடிப்புக்கு. ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று.

அப்படித் தேய்த்த தகட்டில் டொலுடீன் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், நடுவில் திருகாணி கறுப்பு நிழலாக நிற்கும். அதன் புரிகளின் பள்ளங்களில் நீலம் இறங்கியிருக்கும். பழைய எலும்பு வெளிறிய நீலம். திருகாணி வந்த பிறகு உண்டான புதிய எலும்பு கடும் நீலம். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை விரலால் தொட்டுக் காட்டலாம் போல அவ்வளவு தெளிவாகத் தெரியும். ஆங்காங்கே எலும்பு இல்லாத இடைவெளிகளும் உண்டு. அவற்றில் மச்சையும் இரத்தக் குழாய்களும் இருக்கும். பலர் நினைப்பதுபோல எலும்பு உலோகத்தை நூற்றுக்கு நூறு ஒட்டுவதில்லை. வருடக்கணக்காக நன்றாக வேலை செய்த திருகாணிகளிலும் மேற்பரப்பின் ஒரு பங்கு வெறுமையாகவே கிடக்கிறது. அது குறை அல்ல. எலும்பு உயிரோடிருக்க இரத்தம் வேண்டும், இரத்தம் வர வழி வேண்டும்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் வெளிப்புறத்து அடர்ந்த எலும்பில் வட்டத்துக்குள் வட்டமாக அடுக்குகள் தெரியும். ஒவ்வொரு வட்டத் தொகுதியும் சுமார் 200 மைக்கிரோன் அகலம். நடுவே ஒரு குழாய், அதற்குள் இரத்த நாளம். அடுக்குகளுக்கு இடையே சின்னஞ்சிறு குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு உயிர்க்கலம். அந்தக் கலங்கள் ஒரு மைக்கிரோனுக்கும் குறைந்த அகலமுள்ள நுண்கால்வாய்கள் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. எலும்பில் எங்கே பாரம் ஏறுகிறது, எங்கே நுண்வெடிப்பு விழுகிறது என்பதை உணர்ந்து சொல்பவை இவைதான். செய்தி போனதும் அரிக்கும் கலங்கள் வந்து பழுதான பகுதியைக் குடைந்தெடுக்கின்றன. அவற்றின் பின்னால் கட்டும் கலங்கள் வந்து நிரப்புகின்றன. ஓரிடத்தில் குடைந்து நிரப்பி முடிக்க ஏறத்தாழ நான்கு மாதம்.

உட்புறத்து எலும்பு வேறு மாதிரி. 100, 200 மைக்கிரோன் தடிப்புள்ள சிலாகைகளும் தகடுகளும் ஒன்றோடொன்று கோத்து, இடையில் மச்சை நிரம்பிய வெளி. இந்த இரண்டின் விகிதம்தான் வைத்தியர்கள் சொல்லும் எலும்பின் தரம். பனைமரம் அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெளியே வைரம், உள்ளே சோற்றி. கீழ்த்தாடையின் முன்பக்கம் வைரம் பாய்ந்த மரம். மேல்தாடையின் கடைவாய்ப் பக்கமோ, காகிதம்போல மெல்லிய வைரமும் மீதியெல்லாம் சோற்றியும். அதற்கு மேலே சில மில்லிமீற்றரில் கன்னத்துக் காற்றறை வேறு.

1985 இல் லெக்ஹோம், சார்ப் என்ற இருவர் தாடை எலும்பை இந்த அடிப்படையில் நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை ஏறக்குறைய முழுவதும் அடர்ந்தது, நான்காவது வகை மெல்லிய ஓட்டுக்குள் தளர்ந்த சிலாகைகள். இந்தப் பிரிவு வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதை 1991 இல் ஜாஃபின், பெர்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட திருகாணிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்ததில், முதல் மூன்று வகை எலும்புகளில் கழன்றவை 3 வீதம். நான்காவது வகையில் 35 வீதம். ஒரே நிறுவனத்தின் திருகாணி, ஒரே முறை. மாறியது எலும்பு மட்டும்.

அந்த 35 வீதம்தான் அடுத்த பத்து வருட ஆராய்ச்சியை ஓட்டியது என்று சொன்னால் மிகையில்லை. அக்காலத்துத் திருகாணிகள் கடைந்தெடுத்த வழுவழுப்பான மேற்பரப்பு உள்ளவை. மணல் வீசியும் அமிலத்தில் அரித்தும் அந்தப் பரப்பை ஒன்று, இரண்டு மைக்கிரோன் அளவுக்குச் சொரசொரப்பாக்கினால் என்ன நடக்கும் என்று பார்த்தார்கள். வழுவழுப்பான உலோகத்தில் புதிய எலும்பு பழைய எலும்பின் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல உலோகத்தை நோக்கி வளரும். சொரசொரப்பான உலோகத்தில் முதலில் உறையும் இரத்தத்தின் இழைகள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அந்த இழைகளைப் பற்றி ஏறிவரும் கலங்கள் நேரே உலோகத்தின் மேலேயே எலும்பைக் கட்டத் தொடங்குகின்றன. இரண்டு கரையிலிருந்தும் பாலம் வளர்வதால் வேலை சீக்கிரம் முடிகிறது. நான்காம் வகை எலும்பில் தோல்வி வெகுவாகக் குறைந்தது இதன் பிறகுதான். உலோகத்தைத் திருத்தினார்கள்தான், ஆனால் திருத்தியது எலும்புக்கலத்தின் வசதிக்காக.

இரண்டு வகைப் பிடிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருகாணியை இறக்கிய அன்றைக்கு இருப்பது மரத்தில் ஆணி இறுகும் பிடி, வெறும் பொறிமுறை. பிறகு எலும்பு வளர்ந்து உண்டாவது உயிர்ப்பிடி. முதல் பிடி நாளுக்கு நாள் தளரும், ஏனென்றால் துளையிட்டதில் நசுங்கிய எலும்பை அரிக்கும் கலங்கள் எடுத்துவிடுகின்றன. இரண்டாவது பிடி வளர நாளாகும். ஒன்று இறங்கி மற்றது ஏறும் அந்த இடைவெளி சுமாராக மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகிறது. வலியெல்லாம் போய், நோயாளி எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி முறுக்கைக் கடிக்கும் நேரமும் அதுவே. திருகாணி 150 மைக்கிரோனுக்கு மேல் ஆடினால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும், பிறகு அது இறுகாது. அதனால்தான் பிரோனமார்க் தன் முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்கச் சொன்னார். இன்றைக்குக் கெடு குறைந்திருக்கிறது. நல்ல எலும்பில் அன்றைக்கே பல் மாட்டுவதும் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் ஒரே நாளில் பல் என்று பலகை போடுவது எனக்கு ஒவ்வாத காரியம்.

ஆனால் எலும்பின் உள்கட்டை உயிருள்ள தாடையில் எப்படிப் பார்ப்பது? தாடையை அறுத்துத் தேய்க்க முடியாது. இப்போது வழக்கத்திலிருக்கும் கூம்புக்கதிர் ஸ்கேன் தாடையின் உயரத்தையும் அகலத்தையும் நரம்பு போகும் பாதையையும் அழகாகக் காட்டும். ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளி 100 முதல் 400 மைக்கிரோன் வரை பெரிது. சிலாகையின் தடிப்பே 100, 200 தானே. எனவே தனித்தனிச் சிலாகைகள் படத்தில் மங்கலாகக் கரைந்துவிடும். கடைசியில் வைத்தியரின் கைதான் பேசுகிறது. துளைக்கும்போது எலும்பு எவ்வளவு எதிர்க்கிறது, திருகாணியை இறுக்க எவ்வளவு முறுக்கு விசை வேண்டியிருக்கிறது என்பது. பதித்த பிறகு திருகாணியின் அதிர்வைக் கேட்டு, ஒன்று முதல் நூறு வரை எண் தரும் கருவியும் உண்டு. 70 க்கு மேல் இருந்தால் மனம் ஆறலாம்.

அடர்த்தி கூடினால் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. முதல் வகை எலும்பில் இரத்த ஓட்டம் குறைவு. துளைக்கும் வெப்பம் சீக்கிரம் ஏறும், மெல்ல ஆறும். எலும்பு ஒரு நிமிடம் 47 பாகை செல்சியஸில் இருந்தாலே அதன் கலங்கள் பாதிக்கப்படும் என்று எரிக்சனும் அல்பிரெக்சனும் 1983 இல் முயல்களில் காட்டினார்கள். நம் உடல் வெப்பத்தைவிடப் பத்துப் பாகைதான் அதிகம். துளைக்கும்போது இடைவிடாமல் குளிர்ந்த உப்புநீர் பாய்ச்சுவது இதற்காக. மழுங்கிய துளைக்கருவியோடு மல்லுக்கட்டினால், அன்றைக்குக் கல்லாக இறுகிய திருகாணி இரண்டு மாதத்தில் கையோடு வரும்.

சொந்தப் பல்லுக்கு எலும்போடு நேரடி ஒட்டு கிடையாது. நடுவே கால் மில்லிமீற்றருக்கும் குறைந்த நார்மெத்தை ஒன்று இருக்கிறது. கடிக்கும்போது பல் சில பத்து மைக்கிரோன் அமிழ்ந்து மீளும். இம்பிளான்டுக்கு மெத்தை இல்லை, சில மைக்கிரோனுக்கு மேல் அசையாது, பாரம் நேரே எலும்பில் இறங்கும். எலும்பு அதற்கேற்பத் தன்னை மாற்றிக் கட்டுகிறது. 1892 இலேயே ஜூலியஸ் வொல்ஃப் எழுதியது இது. பாரம் இல்லாவிட்டால் எலும்பு கரையும், அளவாக இருந்தால் தடிக்கும், மிஞ்சினால் மறுபடி கரையும்.

பல்லுக் கழற்றிய இடத்தில் நடப்பது முதலாவது. பல்லைத் தாங்கிய எலும்பு பல்லுக்காகவே உண்டானது. பல் போனதும் முதல் வருடத்தில் தாடைவரம்பின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும், அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்துக்குள். நம்மூரில் அரச ஆஸ்பத்திரியில் பல்லுக் கழற்றக் காசு இல்லை. கழற்றிவிட்டுப் பத்து வருடம் கட்டுப்பல்லோடு காலம் தள்ளி, வெளிநாட்டிலிருந்து பிள்ளை காசு அனுப்பிய பிறகு இம்பிளான்டுக்கு வருபவர்கள் அநேகர். அப்போது திருகாணி இறக்க இடமிருக்காது. எலும்பு நிரப்ப வேண்டும்.

இங்கே நிலாவெளிக் கடல் மறுபடி கதைக்குள் வருகிறது. நிலாவெளிக் கரைக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலை 1963 இல் சரணாலயமாகி 2003 இல் தேசியப் பூங்காவானது. படகில் போய்க் கண்ணாடி மாட்டிக் கவிழ்ந்து பார்ப்பவர்களுக்கு அதன் முருகைக்கற்களின் நிறமும் மீன்களும்தான் தெரியும். இறந்த முருகைக்கல் துண்டொன்றை உருப்பெருக்கியில் பார்த்தால் வேறொன்று தெரியும். துளைகள் எங்கும் ஒன்றோடொன்று திறந்து கிடக்கும். போரைட்டிஸ் என்ற உருண்டைப் பாறை வகை முருகைக்கல்லில் துளையின் அகலம் சுமார் 200 மைக்கிரோன். இரத்த நாளமும் எலும்புக்கலமும் உள்ளே நுழைந்து வீடு கட்டப் போதுமான அளவு.

முருகைக்கல் கல்சியம் காபனேற்று, எலும்பின் கனிமமோ கல்சியம் பொஸ்பேற்று. எப்பாவளையில் உரத்துக்காகத் தோண்டுகிறார்களே அப்பற்றைற், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1974 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெல்லா ராயும் சாரி லினஹனும் முருகைக்கல்லைப் பொஸ்பேற்றுக் கரைசலில் இட்டு, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைத்தார்கள். காபனேற்று வெளியேறிப் பொஸ்பேற்று உள்ளே வந்தது. துளைகளின் அமைப்பு அப்படியே இருந்தது. அந்தப் பொருள் தாடை எலும்பை நிரப்பும் துகளாகச் சந்தைக்கு வந்தது. பிரான்சில் மாற்றாமலே காபனேற்றாகவும் பயன்படுத்தினார்கள்.

அதற்காகப் புறாமலைக்குச் சாக்கோடு யாரும் போக வேண்டாம். முருகைக்கல் உடைப்பது இலங்கையில் குற்றம், நாடு கடந்து விற்பதற்கும் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. ஒரு காலத்தில் தென்மேற்குக் கரையில் சூளை சூளையாக முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சுவருக்குப் பூசிய நாடு இது. அதன் விலையைக் கடலரிப்பில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்றைக்குக் கூடுதலாகப் பயன்படுவது சுத்திகரித்த மாட்டெலும்புத் துகள். மேலே மூடும் சவ்வு பல சமயம் பன்றியின் கொலாஜனில் செய்தது. மாட்டையோ பன்றியையோ மதத்தால் விலக்குவோர் வாழும் திருகோணமலை போன்ற மாவட்டத்தில் இதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை. மறுப்பவருக்கு ஆய்வுகூடத்தில் செய்த துகளும் உண்டு, அவரது சொந்த எலும்பும் உண்டு.

எலும்பின் தரத்தை உள்ளிருந்து கெடுப்பவற்றில் முதலிடம் சீனி வருத்தத்துக்கு. இரத்தத்தில் கூடிய சீனி எலும்பின் கொலாஜன் இழைகளோடு பிணைந்து அவற்றை விறைக்க வைக்கிறது. ஸ்கேனில் அடர்த்தி குறையாது, ஆனால் புதுப்பிக்கும் வேலை மந்தமாகும். கட்டுப்பாட்டில் இருந்தால் இம்பிளான்ட் போடலாம். புகைப்பவருக்கு முரசின் இரத்த ஓட்டமே சுருங்கும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு குளிசை எடுக்கும் அம்மாமார் அதைப் பல் வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த மருந்து அரிக்கும் கலங்களை அடக்குவது, தாடையில் அபூர்வமாக எலும்பு இறந்துபோகவும் காரணமாகலாம்.

வெற்றிலை வேறு கணக்கு. பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கத்தால் இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். தாடையின் ஒரு பகுதியை அறுத்தெடுக்க நேர்ந்தால் அதை மீட்டுக் கட்ட, 1989 இல் நியூயோர்க்கில் டேவிட் ஹிடால்கோ காட்டிய வழியைப் பின்பற்றுகிறார்கள். கணைக்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை அதன் இரத்த நாளத்தோடு எடுத்து, துண்டுபோட்டுத் தாடை வளைவுக்குப் பொருத்தி, நாளத்தைக் கழுத்து நாளத்தோடு தைப்பது. உடலின் பாரத்தைத் தாங்குவது பக்கத்திலுள்ள பெரிய எலும்பு என்பதால் கால் தாக்குப்பிடிக்கும். அந்த மெல்லிய எலும்பின் சுவர் தடித்தது, திருகாணியை நன்றாகப் பிடிக்கும். உயரம்தான் தாடைக்கு எட்டாது. ஆகவே சிலருக்கு இரண்டாக மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். பின்னால் கதிர்ச்சிகிச்சை வரப்போகிறது என்றால், நாளங்கள் சுருங்கிப்போன எலும்பில் பிறகு துளைப்பதைவிட இப்போதே பதித்துவிடுவோம் என்று, அதே அறுவையில் திருகாணிகளையும் இறக்கிவிடும் சத்திரசிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள்.